குழாயில் ஐந்து பொட்டு

அந்தத் துப்பாக்கியை நான் வேட்டைக்காக வாங்கவில்லை. நான் முட்டைகூடச் சாப்பிடாதவன். பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்ட்டில், விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் என் வேலையைச் சோதித்துக் கையெழுத்திட்ட ஒரு மனிதருக்காக வாங்கினேன். அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. குறை இல்லாவிட்டால் வாயே திறக்கமாட்டார். இருந்தால் பட்டறை முழுக்கக் கேட்கும்.

ஓய்வு பெற்றபின் புவாண்ட்-கிளேரில் ஒரு கடையில் எதிர்ப்பட்டார். அவருடைய அப்பாவின் மான் வேட்டைத் துப்பாக்கி காரேஜில் துருவேறிக் கிடக்கிறதாம், இனி அதற்கு உயிர் இல்லையாம். எனக்கே விற்றுவிடுங்கள், நான் சரிசெய்கிறேன் என்றேன்.

"நீயா? எதைச் சுடுவே, காரட்டையா?" என்று பிரெஞ்சில் கேட்டார். கடைக்காரரும் சிரித்தார்.

உரிமத்துக்கு இரண்டு நாள் வகுப்பு, இரண்டு தேர்வு, விண்ணப்பத்தில் சட்டப்படி மனைவியின் கையெழுத்து. அவள் அந்தத் தாளைப் பத்தொன்பது நாள் குளிர்பெட்டியின் மேலேயே வைத்திருந்தாள்.

"வெறும் பழைய இரும்பு" என்றேன்.

"பழைய இரும்புக்கு எதுக்குங்க லைசென்ஸ்?"

கடைசியில் கையெழுத்திட்டாள். ஆனால் துப்பாக்கி ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டின் நிலவறைக்கு வந்த நாளிலிருந்து அங்கே என் வேலை அறைக்குள் அவள் கால் வைக்கவில்லை.

துப்பாக்கியின் மரக்கட்டையில் பதினேழு பள்ளங்கள். ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டி எழுப்பினேன். துப்பாக்கிக் குழாய்தான் உயிரை வாங்கியது. உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, அமிலம் தடவி மெல்லத் துரு ஏற்றி, அந்தத் துரு கறுத்துக் காப்புப் பூச்சாக மாறக் கொதிநீரில் போட்டு, கம்பித் தூரிகையால் வழிக்க வேண்டும். ஆறு சுற்று. ஆறாவதில் குழாய் கருநீலமாக வந்தது. எண்ணெய் பூசி மேசையில் வைத்தேன். மொத்தம் நாற்பத்துமூன்று நாள். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. காலையில் ரத்தப் பரிசோதனைக்கு ஓடிய அவசரத்தில் அறையைப் பூட்டவில்லை. அன்று கருவிகளைத் தொடக்கூடாது என்பதால் திரும்பி வந்தும் கீழே இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இறங்கினேன். குழாயில் வரிசையாக ஐந்து சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். துடைத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் செங்காவியாகத் துரு.

"எண்ணெய்ப் பிசுக்குல சந்தனம் நிக்கலை. சோப்புத் தண்ணியில துடைச்சுட்டு வெச்சேன்" என்றாள் மனைவி, படியில் நின்றபடி.

"உன்னை யார் வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. அது யாரையும் கொல்லக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வெச்சேன்."

நான்கு மணி நேரம் இருந்தது. கம்பிப் பஞ்சால் தேய்த்தேன். துரு போன இடமெல்லாம் கருநீலமும் போய் வெளுத்தது.

பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். கட்டையைத் தடவிப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டினார்.

"அஞ்சு" என்றார். "எப்படி வந்துச்சு?"

"ஈரக் கையோடு தொட்டுவிட்டேன்."

"அஞ்சு விரலும் ஒரே நேர்கோட்டிலயா?"

நான் காபிக் கோப்பையை நீட்டினேன். அவர் அதை முழுக்கக் குடித்துவிட்டு, "அப்பா இதைப் பார்க்காமப் போனதும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் திரும்பியதும் அவள் கோப்பையை எடுக்க வந்தாள்.

"நான்தான் வெச்சேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் அவருடைய வேட்டைக் கிளப்பில் ஒரு வருஷத்துக்கு அதுதான் சிரிப்பு."

"அப்போ என்னைக் காப்பாத்தலை. உங்க மானத்தைத்தான் காப்பாத்திக்கிட்டீங்க."

"ஆமாம்" என்றேன்.

கோப்பையை அங்கேயே வைத்துவிட்டு மேலே போனாள். நான் அறையை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, புதிய உப்புத்தாளைக் கிழித்து, குழாயின் நுனியிலிருந்து தேய்க்கத் தொடங்கினேன்.