லீவே விடாத காலேஜ்

வரவேண்டிய பிள்ளையையே ஒரு தடவை நான் திருப்பி அனுப்பிவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சென்டர் போர்டில் ‘கவுன்சிலிங்’ என்று பெரிசாக எழுதியிருக்கும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான், ஆனால் அந்த வார்த்தை எனக்கு அத்துப்படி. பிளஸ் டூ ரிசல்ட் வந்தால், இன்ஜினியரிங் சீட்டு என்று நினைத்து மார்க் ஷீட்டோடு வந்து நிற்பார்கள். “இது அதில்லீங்க. அப்பா அம்மா பிரிஞ்ச புள்ளைக மனசு உட்டுப் பேசற இடமுங்க” என்று அனுப்பிவைப்பேன். கூட்டுவது, டீ வைப்பது, பெஞ்சில் பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பது மற்ற வேலை.

அன்றைக்கு ஒரு பெண் தனியாக வந்தாள். காலேஜ் கவுன்சிலிங் இங்கே இல்லை என்றேன்.

“லீவே உடாத காலேஜ் எதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

“அப்படி ஒண்ணு இருந்தா வாத்தியாரே ஓடிப்போயிருவாரு அம்மணி.”

சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

“ஏங்கண்ணு லீவு வேண்டாங்கற?”

“லீவு உட்டா எந்த ஊட்டுக்குங்க போறது? பல்லடத்துல அப்பா ஊட்ல சித்திக்கு ஆகாது. உக்கடத்துல அம்மா ஊட்ல அவங்க புது ஊட்டுக்காரருக்கு ஆகாது.”

கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டேன்.

கவுன்சிலிங் பண்ணுகிற மேடம் ரூமுக்குள் பேசுவது என் காதுக்கு வராது, வரவும் கூடாது. முதல் நாள் முடிந்து அவள் கோபமாக வெளியே வந்தாள். “ஊட்டுச் சண்டையக் கேப்பாங்கன்னு பாத்தா, ‘உன்னால யாருக்கு என்ன ஆகும்’னு கேக்கறாங்க. என்னால ஒண்ணும் ஆகாதுங்க.”

மேடம் வழி அதுதான். ஓடுவதற்குக் காரணம் எல்லாப் பிள்ளையிடமும் இருக்கிறது, நிற்பதற்கு ஒன்று வேண்டும். அதை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எனக்கோ நாக்கு துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வேன்.

மூன்றாம் வாரம் எட்டாவது படிக்கிற ஒரு பாப்பா புதிதாக வந்து, பெஞ்சில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். நான் டீ எடுத்து வருவதற்குள், லீவு வேண்டாமென்ற பெரியவள் அவள் பக்கத்தில் நகர்ந்திருந்தாள்.

“அழுகாத பாப்பா. ரெண்டு ஊட்லயும் ஒரு செட் யூனிபார்ம் வெச்சுப்போடு. ‘நீ யாரு பக்கம்’னு கேட்டா, ‘நாளைக்குப் பரீட்சை’ன்னு சொல்லு.”

“பரீட்சை இல்லாட்டி?”

“நமக்குத் தெனமும் பரீட்சைதான்.”

பாப்பா மூக்கு ஒழுகச் சிரித்தது. மேடம் பெரியவளைக் கூப்பிட்டார். “இருங்க மேடம், இவ பேசி முடிக்கட்டும்” என்றாள். நான் டம்ளரோடு நின்றுகொண்டே இருந்தேன்.

பெரியவள் கோயம்புத்தூரிலேயே ஹாஸ்டலில் தங்கி சோசியல் ஒர்க் படிக்கச் சேர்ந்தாள். சித்தி மாறவில்லை, அந்த வீட்டுக்காரரும் மாறவில்லை. லீவில் அங்கே நாலு நாள், இங்கே நாலு நாள் படுத்து எழுந்து, பகலெல்லாம் எங்கள் பெஞ்சில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இங்கே வருகிற பிள்ளைக்கு, வாசலில் நிற்கிற நாம் கேட்பதுதான் முதல் கேள்வி. ‘இது அதில்லீங்க’ என்பதற்கு முன்னால், ‘எதுக்குங்கண்ணு?’ என்று கேட்டுப்போடுங்கள். அன்றைக்குப் பிந்திக் கேட்டாலும், பஸ் வருவதற்குள் நான் கேட்டுவிட்டேன்.