தோண்டத் தோண்டக் குறைந்த தோரியம்

கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறதா என்று பார்க்கும் சர்வே வேலையில் நான் டெக்னீஷியனாக இருந்தேன். சுனாமிக்கு மறு வருடம், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு குப்பத்தில் கருப்பு மணல் ஒதுங்கியிருக்கிறது என்று எங்களை அனுப்பினார்கள். நாளைக்கு அணு உலைக்கு எரிபொருளாகலாம் என்று சொல்லப்படும் பொருள் தோரியம். அது கிடைத்தால் இடத்தைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று குப்பத்தில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

கரையில் கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் எப்போதாவது ஒரு டிக் என்றது, அவ்வளவுதான். தண்ணீர் குடிக்க நாங்கள் நுழைந்த, செல்வமேரி என்ற அம்மாவின் வீட்டில்தான் படபடவென்று அடித்தது. கட்டி முடித்து ஒரு மழைகூடப் பார்க்காத வீடு.

"இன்னா சார் இப்பிடிக் கத்துது? எங்கள காலி பண்ணிடுவாங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

எங்கள் இன்ஜினியருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. "தரைக்கு அடியில கொட்டுன ஃபில்லிங் மணல்லதான்யா இருக்கு. தரைய ஒடை. சிமெண்டு நாம போட்டுக் குடுத்துடலாம்."

உடைத்தேன். குழிக்குள் மீட்டரை இறக்கினால் சத்தம் குறைந்தது.

"இன்னும் ஆழத்துல இருக்கும், தோண்டு."

தோண்டினேன். இன்னும் குறைந்தது. மீட்டருக்குக் கோளாறா, எனக்குக் கோளாறா என்றே புரியவில்லை. வியர்வையைத் துடைக்க எழுந்து, மீட்டரோடு சுவரில் சாய்ந்தேன். மறுபடியும் படபட. தோளுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கியது.

"இதுல என்னம்மா இருக்கு?"

"மேண்டிலு சார். எங்க ஊட்டுக்காரரு பெட்ரோமாக்ஸ் லைட்ட சிதம்பரத்துல விசேஷத்துக்கு வாடகைக்கு வுடுறாரு."

இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார். விளக்கில் திரி போல மாட்டும் அந்த மேண்டில் வலைத்துணியைத் தோரியம் ஏற்றித்தான் செய்வார்கள். வெளிச்சமே அதனால்தான்.

"அப்ப இதத் தூக்கிப் போட்டுடட்டா, பத்தரமா வெச்சிக்கட்டா?"

"பயப்படாதீங்கம்மா," என்றார் இன்ஜினியர். "எரிஞ்ச தூள மட்டும் ஊதாதீங்க."

"பயப்பட வேணான்னா ஏன் சார் ஊதக் கூடாது?"

அவர் என் பக்கம் திரும்பி, "குழிய மூடுய்யா," என்றார். நான் சிமெண்டு குழைக்கப் போனேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, தரையைத் தோண்டுமுன் சுவரையும் ஒரு சுற்று பாருங்கள். தோரியம் நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். இன்றும் குழப்பம்தான்.

குழியை மூடி சிமெண்டு பூசிவிட்டுக் கிளம்பும்போது செல்வமேரி வாசலை மறித்து நின்றார்.

"ஊடு எங்களுதுதானே சார்?"

"ஒங்களுதுதாம்மா."

அன்று நான் குழப்பமில்லாமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.