மாப்பிள்ளையின் நம்பர்

துணிக்கடையோ மருந்துக்கடையோ, பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்கள். நான் வாங்குவது கண்டவனுக்கும் எதற்குத் தெரிய வேண்டும் என்று, இத்தனை நாளும் தங்கச்சி வீட்டுக்காரர் நம்பரைத்தான் சொல்லி வந்தேன்.

இன்று காலையில் தங்கச்சி போனில் அழுதாள்.

"அண்ணா, உங்க மாப்ள பட்டுச்சீலை எடுத்திருக்கறாருங்ண்ணா. நன்றின்னு கடையிலிருந்து மெசேஜ் வந்திருக்குது. கேட்டா எனக்குத் தெரியாதுங்கறாரு. யாருக்குங்ண்ணா எடுத்தாரு?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னால் ஒரு குடும்பம் பிரிந்துவிடுமே. உடனே ஆட்டையாம்பட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

"உங்க அண்ணிக்கு நான் எடுத்தது சாமி. நம்பர் மட்டுந்தான் மாப்ளையுது" என்றேன்.

தங்கச்சி கண்ணைத் துடைத்தாள். மாப்பிள்ளை போனைப் பார்த்தபடியே, "ஏனுங்க மச்சான், மாசாமாசம் மூலத்துக்கு மருந்துன்னு வருதே, அதுவும் நீங்கதானுங்களா?" என்றார்.

அடுத்த முறை சொல்ல எனக்கு ஒரு நம்பர் வேண்டும். நல்ல மனசுக்காரர்கள் கீழே எழுதுங்கள்.