ஊற்றுத் தண்ணீரும் ஜெர்மன் காரும்

பதினெட்டு வருடம் வளைகுடாவில் ஒரு முதலாளி வீட்டுக் காரை ஓட்டினேன். நீளமான ஜெர்மன் கார். கதவைச் சாத்தினால் சத்தமே கேட்காது. அதில் எனக்குத் தெரிந்த ரிப்பேர் ஒன்றே ஒன்றுதான்: மஞ்சள் விளக்கு எரிந்தால் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துச் சாவியை வாங்கிக்கொள்வது. என்ன கெட்டது, எவ்வளவு ஆனது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இந்த லட்சணத்தில், காரைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்போடு காரைக்குடிக்குத் திரும்பினேன்.

வந்த அன்றைக்கே பாஸ்போர்ட்டை என் மனைவியிடம் கொடுத்தேன். "இனிமே எங்குட்டும் போகமாட்டேன். நீயே வச்சுக்க" என்றேன். அவள் அதை வாங்கிக்கொண்டாள். பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் விமானம் ஏறியவன் நான். லீவில் வந்துபோன நாட்களையெல்லாம் சேர்த்தாலும் நாங்கள் ஒன்றாக வாழ்ந்தது மூன்று வருடம் தேறாது.

பிழைப்புக்கு ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிற செட்டியார் குடும்பங்கள் கல்யாணத்துக்கு இங்குள்ள பூர்வீக வீட்டுக்குத்தான் வருவார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குப் பெரிய கார் வேண்டும். மற்ற நாட்களில் திருச்சி ஏர்போர்ட் சவாரி. சேமிப்பையும் மனைவியின் வளையல்களையும் போட்டு, நான் ஓட்டிய அதே மாடலில் பதினான்கு வருடப் பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். விலையைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது. புதுச் சின்னக் கார்கூட அதைவிட அதிகம்.

இரண்டாம் மாதம் ஒரு காலையில் பார்த்தால், வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தது. இந்த மாடலில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. அது வெடித்துப்போயிருந்தது. மெக்கானிக் சொன்ன விலையைக் கேட்டு எனக்கு மயக்கமே வந்தது.

"வண்டிதான் பாய் பழசாயிருச்சு. சாமான் வெல பழசாகல. புதுசா ஷோரூமுல நின்னப்ப என்ன வெலையோ அதே கணக்குதான்" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்தை முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? காற்றுப் பையை மாற்றினேன். பிறகு ஜன்னல் கண்ணாடி இறங்கி, ஏற மறுத்தது. பிறகு என்ஜின் தலைப்பக்கம் ஆயில் கசிந்து புகை வந்தது. பிறகு ஏதோ சென்சார். கல்யாணமே இல்லாத மார்கழியில் எலி ஒயரைக் கடித்து வைத்தது. ஒவ்வொரு தடவையும் "இதோட சரி" என்று மனைவியிடம் சொன்னேன். அவளும் நம்புவது போலத் தலையாட்டினாள். பாவம், எனக்காகத்தான்.

தை பிறந்ததும், என்ஜினைக் குளிரவைக்கிற கூலன்ட் குறைகிறது என்று விளக்கு எரிந்தது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"தண்ணி பம்ப்புல கசியுது பாய். பம்ப்ப மாத்துற வரைக்கும் வண்டிய எடுக்காதீக. கூலன்ட்டும் இதுக்குன்னு உள்ளதுதான் ஊத்தணும். மதுரையிலருந்து வரணும்."

மறுநாள் ஏர்போர்ட் சவாரி இருந்தது. பம்ப் வாங்கக் கையில் காசில்லை.

எங்கள் ஊர் ஊற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு நான் செய்தது புரியும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிற வேகமே வேறு. சென்னைக்குப் போகிறவர்கள் கேனில் பிடித்துக்கொண்டு போவார்கள். பதினெட்டு வருடம் பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நான் ஏங்கியது அதற்குத்தான். பருப்பைப் பூவாக வேகவைக்கிற தண்ணீரா என்ஜினைக் கெடுக்கப் போகிறது என்று நினைத்தேன். பிஸ்மி சொல்லி, குடிக்க வைத்திருந்த குடத்திலிருந்து மொண்டு ஊற்றினேன். விளக்கு அணைந்தது. வண்டி திருச்சிக்குப் போய்த் திரும்பி வந்தது. அப்புறம் என்ன, குறையக் குறைய ஊற்றினேன். ஒரு மாதம் இப்படியே ஓட்டினேன். மெக்கானிக் இருக்கும் தெருவையே தவிர்த்தேன். கசிகிற இடம் அப்படியே இருந்தது என்பது மட்டும் மண்டையில் உறைக்கவில்லை.

மாசியில் வலையபட்டியில் ஒரு கல்யாணம். காலையில் பிள்ளையார் கோவிலிலிருந்து மாப்பிள்ளையை அழைத்து வரவேண்டும். முன்னால் மேளம், நடுவில் ஜனம், பின்னால் என் கார் நடை வேகத்தில் ஊர்ந்தது. உள்ளே ஏசி ஓடியது. ஊர்ந்து போகும்போது என்ஜினுக்குக் காற்றே படாது. பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். மேளத்தை நிறுத்தி மாப்பிள்ளையை நடுத்தெருவில் இறக்குவதா என்று வெட்கப்பட்டு, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினேன். பெண் வீட்டு அலங்கார வளைவு கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. பானட்டிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது. மாப்பிள்ளை மாலையோடு இறங்கினார்.

"பரவால்ல பாய். நடந்தே போயிக்கிறோம்" என்றார் அவருடைய அப்பா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மேளம் என்னைக் கடந்து போனது. மாலைப் பூ ஒட்டிய பானட்டைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன், கை சுட்டது.

லாரியில் ஏற்றிப்போன வண்டியை மதுரைப் பட்டறையில் பிரித்துப் பார்த்தார்கள். என்ஜின் தலை வளைந்துவிட்டது, ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. சரிசெய்ய வண்டி வாங்கிய விலையைவிட அதிகம் ஆகும். "கூலன்ட்டுக்குப் பதிலா என்னத்த ஊத்துனீகண்ணே?" என்று கேட்டார்கள். பழைய இரும்புக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் பக்கம் திரும்பி, திருப்பத்தூர் வரைக்கும் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அதே ஊற்றுத் தண்ணீர். குடித்து முடிக்கும்வரை நின்றாள். இந்த வயதில் உள்ளூரில் எனக்கு யார் வேலை தருவார்கள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள். பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"தேதி முடிய இன்னும் நாலு வருசம் இருக்கு மச்சான்" என்றாள். "அந்தக் காத்துப் பை போச்சுல்ல, அன்னைக்கே எடுத்துப் பாத்துட்டேன்."