செயலி காட்டிய பூஜ்யம்

உங்கள் கிரெடிட் கார்டு அறிக்கையில் வட்டி என்ற வரியைக் கடைசியாக எப்போது படித்தீர்கள்?

எக்ஸ்ரே எடுக்கும் அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். கணவரின் அறுவைச் சிகிச்சைக்காகக் கார்டைத் தேய்த்ததில் அறுபதாயிரம் கடன். மாதம் மூவாயிரம் கட்டி, அதைக் கைப்பேசியில் கணக்கு எழுதும் ஒரு செயலியில் தானே கழித்துக்கொண்டு வந்தார். ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் இரண்டு முறை திறந்து பார்ப்பார். இருபதாவது மாதம் செயலி பூஜ்யம் காட்டியது. கார்டை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"இரு, பேங்க்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார் கணவர்.

இன்னும் முப்பத்துநாலாயிரம் பாக்கி என்றது வங்கி.

"அறுபதையும் கட்டிட்டேனேங்க. ஆப்ல சைபர்னு காட்டுதே" என்று கணவரிடம் திரும்பினார் அக்கா.

"நீ எழுதினதத்தான் அது காட்டும், அது என்ன ஜோசியமா? வட்டிய எழுதினியா?"

எழுதவில்லை. அறிக்கையின் கடைசியான ஏழாம் பக்கத்தில், பொடி எழுத்தில் கிடந்தது வட்டி. எலும்பில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கே தப்பும்படி அதை அங்கே வைத்தவர்கள் தெரியாமலா வைத்தார்கள்?

அக்கா கத்தரிக்கோலை வைத்துவிட்டு, முதல் மாத வட்டியிலிருந்து செயலியில் ஏற்றத் தொடங்கினார். நீங்களும் இன்றைக்கே அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து, வட்டியை உங்கள் கணக்கில் எழுதுங்கள்.