கேக்குக்குப் போட்ட பெல்ட்

காரில் முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பி மாட்டக்கூடிய ஒரு பேபி சீட்டைத் தேடிக் கண்டி முழுக்க அலைந்தவள் நான். சின்னக் குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் விளக்கித் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

மகளின் முதல் பிறந்தநாளன்று கெலிஓயாவிலுள்ள மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டோம். கதவைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தால், பேபி சீட்டில் கேக் பெட்டி! சரியாமலிருக்க அடியில் துவாயை மடித்து வைத்து, பெல்ட்டும் போட்டிருந்தார்கள். மகளோ முன்னால் என் நாத்தனார் மடியில். கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காரைக் கிளப்பத் தயாராக இருந்தார்.

"கேக் நசுங்கிரும் அண்ணி. பிள்ளைய நான் கெட்டியா புடிச்சிருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளைத் தூக்கி பேபி சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டேன். பெட்டியை நாத்தனார் மடியில் வைத்தேன்.

"இதக் கெட்டியா புடிச்சுக்க."

பேராதனை தாண்டியதும் முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. கணவர் பிரேக்கை மிதித்தார். பெட்டி நாத்தனாரின் கையை விட்டுப் பறந்து திறந்துகொள்ள, கேக் டாஷ்போர்டில் அப்பியது. பின்னால் மகளின் தூக்கம்கூடக் கலையவில்லை.

இனியாவது புரியும் என்று நினைத்தேன். முகத்தில் தெறித்த ஐஸிங்கைத் துடைத்துக்கொண்டே நாத்தனார் சொன்னாள்:

"அப்பவே சொன்னேன்ல அண்ணி? அந்த சீட்லயே வச்சிருந்தா கேக்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."