முக்கூடல் வயலில் நாரைகள்

முக்கூடலுக்குச் சற்று முன்னால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, வரப்பில் ஓடுகிறேன். அருகிவரும் மஞ்சள் மூக்கு நாரைகளைத் தேடிக் குளம் குளமாக அலைந்து ஏமாந்தவன் நான். இங்கே வயலில் ஏழெட்டு நிற்கின்றன. கேமராவில் பிலிம் போடக்கூடப் பொறுமையில்லை. பைனாகுலரை எடுப்பதற்குள் ஒரு பெண் தகரத்தைத் தட்டிக்கொண்டு வருகிறாள்.

"அக்கா, கொஞ்சம் தட்டாதீங்க. இதைப் பாக்கத்தான் மதுரையில இருந்து வந்திருக்கேன்."

"நேத்துதான் நட்டோம் தம்பி. நாத்தை மிதிச்சுச் சேத்துக்குள்ள அமுக்கிப்போடுதுவ."

என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தகரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறாள். "சரி, சட்டுனு பாருங்க."

பைனாகுலரில் இறக்கையின் ஓரத்து இளஞ்சிவப்பு தெரிகிறது. நாரை சேற்றைத் துழாவிவிட்டுக் காலை எடுத்து வைக்கிறது. ஒரு நாற்று மடங்கிச் சேற்றுக்குள் போகிறது. திரும்பிப் பார்க்கிறேன். அவள் பார்ப்பது நாரையின் காலை மட்டும். இன்னொரு நாற்று மடங்குகிறது. என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டு நானே கையைத் தட்டுகிறேன்.

நாரைகள் எழுந்து ஆற்றுப் பக்கம் பறக்கின்றன.

"அதுக்குள்ள பாத்துட்டீங்களா?" என்கிறாள், வயலில் இறங்கியபடியே.

"பாத்துட்டேன்க்கா" என்கிறேன். அவை தென்னைகளைத் தாண்டி மறையும்வரை வரப்பிலேயே நிற்கிறேன்.